பனியில் பிடிமானம்

பனியைக் கண்ணால் காண்பதற்கு முன்பே அருந்தவன் பனிவண்டியைக் கழற்றிப் பூட்டிவிட்டான்.

சிட்னி வில்லாவுட்டில் அவன் வேலை செய்த கராஜுக்கு, மலையில் இருக்கும் பனிச்சறுக்கு விடுதிக்காரர்கள் கோடைகாலத்தில் தங்கள் ஸ்னோமொபைல்களைத் திருத்த அனுப்புவார்கள். வெளியே தார் இளகும் வெயில். தகரக் கூரைக்குக் கீழே வியர்வை மூக்குநுனியால் சொட்டச் சொட்ட, பனியில் ஓடுகிற வண்டியைச் சரித்துப் போட்டுவிட்டு அருந்தவன் அதன் வயிற்றைப் பார்த்தான். முன்னுக்கு இரண்டு ஸ்கீக் கட்டைகள். பின்னுக்குச் சில்லே இல்லை. அதற்குப் பதிலாக, பல்லுப் பல்லாகத் தடித்த ரப்பர் வைத்த அகலமான பட்டி ஒன்று சுற்றிக் கிடந்தது. அந்தப் பட்டிக்குள்ளே அதிர்வு தாங்குகிற இரண்டு சொக்கும், கம்பியை முறுக்கிவிட்டதுபோல இரண்டு ஸ்பிரிங்கும்.

"இது என்னடாப்பா, கோழிக்குஞ்சின்ர கால் மாதிரி" என்று தனக்குள்ளே சொல்லிச் சிரித்தான்.

அவன் சிரித்ததில் பிழையில்லை. அவன் கல்லுடைக்கிற இடத்தில் வளர்ந்தவன். பள்ளிக்கூடப் புத்தகம் சுமந்ததைவிடக் கருங்கல் சுமந்தது கூட. பிறகு வவுனியாவில் லொறிக் கராஜில் கையெல்லாம் கிறீஸாக நின்றான். அங்கே ஒருவர் புது லொறி வாங்கினால் முதலில் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சில்லுக்கு எலுமிச்சம்பழம் நசுக்குவார். கோயிலால் வெளிக்கிட்டு நேரே கராஜுக்கு வந்து, பின்பக்க ஸ்பிரிங்குக்கு இரண்டு தகடு கூடப் போடுவிப்பார். கொம்பனிக்காரன் கணக்குப் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறான் என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். கொம்பனிக்காரனுக்கு எங்கள் றோட்டும் தெரியாது, நாங்கள் ஏத்துகிற பாரமும் தெரியாது. பாரத்துக்கு முன்னால் குனிகிற ஸ்பிரிங் கூடாத ஸ்பிரிங். நிமிர்ந்து நிற்கிறதுதான் நல்லது. அருந்தவனுக்கு அது இரத்தத்தில் ஊறிப்போன சங்கதி.

அந்த வருசம் விடுதியின் மெக்கானிக் வேலையை விட்டுப்போய்விட்டான். குளிர்காலம் முழுக்க மலையில் நின்று வேலை செய்ய வருகிறாயா என்று கேட்டார்கள். குவேக்கர்ஸ் ஹில் வீட்டில் மனைவி மயூரா, "விறைச்சுக் கட்டையாய்ப் போனா என்னட்டை வந்து முறையிடாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே இரண்டு சோடி கம்பளிக் காலுறை வாங்கி வைத்தாள். அருந்தவன் போனான்.

பஸ் மலையில் ஏறி ஒரு வளைவில் திரும்பியபோது அவன் கதையை நிறுத்திவிட்டான். பக்கத்துச் சீற்றுக்காரன் ஏதோ கேட்டான், அருந்தவனுக்குக் கேட்கவில்லை. முறுக்கிப் பிழிந்ததுபோல நின்ற யூக்கலிப்டஸ் மரங்களுக்கு அப்பால், உலகம் முடிந்து வேறு ஏதோ தொடங்கியிருந்தது. வெள்ளை என்று அதைச் சொல்லமுடியாது. சுண்ணாம்பும் வெள்ளைதான், சீனியும் வெள்ளைதான். இது ஒன்றுமே வைக்காமல் விட்ட இடம்போலக் கிடந்தது. இறங்கி நின்றவன் பையைத் தூக்க மறந்துபோனான்.

"வாயை மூடுங்கோ அண்ணா, பனி உள்ளுக்குப் போயிடும்."

தமிழ்! திரும்பிப் பார்த்தால் சிவப்பு ஜக்கெற், முதுகில் வெள்ளைச் சிலுவை, முப்பது வயது மதிக்கத்தக்க பெண். அவள் றொசானா. மன்னார் பேசாலையில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கே வந்தவள். சிட்னியில் தாதியாகப் படித்துவிட்டு, குளிர்காலத்தில் மலையில் மீட்புப் பட்ரோல் குழுவில் வேலை. சறுக்கி விழுந்து காலை, கையை முறித்துக்கொள்கிறவர்களை ஸ்னோமொபைலில் இழுத்துக்கொண்டு வருவது அவள்தான். காயக்காரரைக் கிடத்துகிற நீளமான சறுக்குத் தட்டை வண்டியின் பின்னால் கொளுவுவார்கள். தகப்பன் கடற்றொழில் செய்தவர் என்பதால் றொசானா அதைத் "தோணி" என்பாள். அவளைக் கேட்டுக் கேட்டு பட்ரோல் தலைவன் கிரேக்கும் ரேடியோவில் "தோனி" என்றுதான் கூப்பிடுவான்.

முதல் கிழமையே அவள் வண்டியைக் கொண்டுவந்து கராஜ் வாசலில் விட்டாள்.

"அண்ணா, இது சரிவராது. தோணியைக் கொளுவினா பின்பக்கம் அப்பிடியே குந்தியிடுது. ஒவ்வொரு மேட்டிலயும் டொங் டொங் எண்டு அடிக்குது. பின்னால கிடக்கிற ஆள் என்னைத்தான் தூசணத்தால பேசுது."

"திருப்பேக்க?"

"நான் ஒரு பக்கம் திருப்ப, அது தன்ர பாட்டில நேரே போகுது. டோட்டலி யூஸ்லெஸ்."

அருந்தவன் குந்தியிருந்து பார்த்தான். சிரிப்பு வந்தது. அவன் நினைத்ததுதான். கோழிக்குஞ்சுக் கால்.

முறுக்கு ஸ்பிரிங்கின் நுனி ஒரு கட்டையின்மேல் உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டை நான்கு பக்கமும் ஒரே உயரமில்லை. ஸ்பானர்ச் சாவியால் சுற்றச் சுற்ற ஸ்பிரிங் இறுகும், அல்லது இளகும். அருந்தவன் இரண்டு பக்கமும் கட்டையை ஆகக் கூடின உயரத்துக்குச் சுற்றினான். பின்பக்கம் சேவல் வாலைத் தூக்கினதுபோல எழும்பி நின்றது. பிறகு, பட்டியின் முன்பகுதியை வண்டியோடு கட்டி வைத்திருக்கிற தடித்த வாரைப் பார்த்தான். அதில் வரிசையாக ஓட்டைகள். வாரை இழுத்து இறுக்கினால் பட்டியின் முன்பகுதி மேலே போகும், வண்டியின் மூக்கு கீழே வரும், ஸ்கீ நிலத்தில் அழுந்தும். இறுக்கினான். இனித் திருப்பினால் திரும்பத்தானே வேண்டும்.

திரும்பியது. இயந்திரம் வைத்து அழுத்திச் சமன் செய்த பனிறோட்டில் றொசானா ஒரு சுற்று அடித்துவிட்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, கத்தி மாதிரி வெட்டித் திரும்புது! ஒரு டொங்கும் இல்லை!"

"பாரம் எண்டா ஸ்பிரிங் நிமிர்ந்து நிக்கவேணும் பிள்ளை. இவங்களுக்கு லொறி தெரியாது."

"இது லொறி இல்லையே அண்ணா."

"எல்லாம் லொறிதான்" என்றான் அருந்தவன்.

ஒரு கிழமைக்கு மேல் அது லொறியாகவே இருந்தது. விழுந்தவர்களை அவள் அந்தச் சமன் செய்த றோட்டால் அலுங்காமல் குலுங்காமல் கொண்டுவந்து சேர்த்தாள். கிரேக் அருந்தவனின் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

பிறகு பனி கொட்டத் தொடங்கியது.

அருந்தவனுக்கு மழை தெரியும். தகரத்தில் அடித்து, காதைச் செவிடாக்கி, தான் வந்திருப்பதை ஊருக்கே சொல்லுகிற மழை. பனி சத்தமே இல்லாமல் வந்தது. பகல் முழுக்க வந்தது, அடுத்த பகலும் வந்தது. காலையில் கராஜ் கதவைத் திறந்தால் அவன் இடுப்பளவுக்கு ஒரு சுவர் நின்றது. கையை விட்டான். சுவர் கையை வாங்கிக்கொண்டது, ஒன்றுமே தடுக்கவில்லை. வெளியே எடுத்தபோது கையின் உருவம் விரல் விரலாக அதற்குள் இருந்தது. இவ்வளவு பெரிய மலையை மூடுகிற ஒன்று, ஊதினால் பறக்கிற அளவுக்குப் பாரமில்லாமல் இருந்தது. அவன் நெடுநேரம் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கல்லோடு வளர்ந்தவனுக்கு இது விளங்குகிற சாமான் இல்லை.

அன்று மத்தியானத்துக்குப் பிறகு ரேடியோ கரகரத்தது. முகட்டுக்கு அப்பால் "பக்கற்", அதாவது வாளி, என்று அவர்கள் சொல்லுகிற பள்ளத்துக்குள் ஒரு பெண் விழுந்துவிட்டாள். தொடை எலும்பு முறிவு. கிரேக்கும் றொசானாவும் போனார்கள். சற்று நேரத்தில் மறுபடியும் ரேடியோ. இந்தமுறை றொசானா, அதுவும் தமிழில்.

"அருந்தவன் அண்ணா, கேக்குதா? வண்டி ஏறுதில்லை. குழி தோண்டிக்கொண்டு கீழ போகுது. நாங்கள் பள்ளத்துக்குள்ள நிக்கிறம்."

"தோணியோடவோ?"

"தோணி இல்லாமலும் ஏறுதில்லை."

அருந்தவன் எழும்பி நின்றான்.

முகட்டுச் சரிவைத் தவிர பக்கற்றுக்குள் போகவும் வரவும் வேறு வழியில்லை. பள்ளத்தின் அடியில் ஓடை; அதற்கப்பால் பாறை. மேகம் முகட்டைத் தொட்டுக்கொண்டு நின்றதால் ஹெலிகொப்ரர் எழும்பாது. பெரிய சமன்செய்யும் இயந்திரம் முகடு வரைக்கும்தான் போகும், அதற்கப்பால் சரிவு தாங்காது. மற்ற ஸ்னோமொபைல் மலையின் அடுத்த பக்கத்தில் இன்னொரு காயக்காரரோடு நின்றது. உள்ளே இரத்தம் ஒழுகுகிற தொடையோடு, குளிர்ந்துகொண்டு போகிற ஒரு மனுசி. அவளை மேலே கொண்டுவரக்கூடியது ஒரே வண்டி. அந்த வண்டிக்கு ஸ்பிரிங் இறுக்கியவன் அருந்தவன்.

சாவிப் பையையும் பிளேன்ரீத் தேத்தண்ணி நிறைத்த சுடுதண்ணிப் போத்தலையும் தூக்கிக்கொண்டு ஓடினான். சமன்செய்யும் இயந்திரம் அவனை முகட்டில் இறக்கிவிட்டது. கீழே பார்த்தால் உண்மையாகவே வாளிதான். மூன்று பக்கமும் சரிவு, மரங்கள் பனிக்குள் கழுத்தளவு நின்றன. அடியில் சிவப்பு ஜக்கெற் இரண்டு, குங்குமப் பொட்டளவில். காலை வைத்தான், தொடைவரை போனது. எடுத்து வைத்தான், மறுபடியும் தொடை. பாதி நடந்து, பாதி இருந்து வழுக்கி, மூச்சு நெஞ்சில் அடைக்கக் கீழே போய்ச் சேர்ந்தான்.

சரிவின் கால்வாசியில் வண்டி கிடந்தது. மூக்குக் குத்திப் பனிக்குள் புதைந்து, பின்பக்கம் மேலே நின்றது. பட்டி சுற்றிச் சுற்றித் தனக்குக் கீழே ஒரு புதைகுழியைத் தோண்டி வைத்திருந்தது. ஸ்கீ இரண்டும் மண்வெட்டிபோலப் பனிக்குள் இறங்கியிருந்தன. பட்டியின் பல்லுக்கு மேலே பாரமே இல்லை. பாரமெல்லாம் மூக்கில். பார்த்த உடனேயே அருந்தவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒருவர் சொல்லவேண்டிய தேவையில்லை.

"நான்தான் பிள்ளை இறுக்கினது" என்றான்.

"தெரியும். இப்ப இளக்குங்கோ" என்றாள் றொசானா.

தோணியில் கிடந்த பெண்ணுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். பெயர் ஹெலன், மெல்பேணில் ட்ராம் ஓட்டுகிறவள். காலைக் கட்டை வைத்துக் கட்டி, போர்வைகளால் சுற்றி வைத்திருந்தார்கள். முகம் மெழுகுபோல. ஆனாலும் அருந்தவனையும் அவன் சாவிப் பையையும் பார்த்துவிட்டு, "என்னுடைய ட்ராம் இப்படிப் புதைவதில்லை" என்றாள். அருந்தவன் பையைத் திறந்தான்.

மூன்று பேருமாக வண்டியைக் குழியிலிருந்து இழுத்து, பக்கவாட்டில் சரித்தார்கள். பட்டிக்குள் பனி இறுகி ஐஸாகிக் கிடந்தது. கட்டையில் சாவியை வைத்துத் திருப்பினான், அசையவில்லை. கையுறையைக் கழற்றி எறிந்தான். இரும்பு தோலைப் பிடித்து இழுத்தது. போத்தலைத் திறந்து, ஆவி பறக்கிற பிளேன்ரீயைக் கட்டையின்மேல் சொட்டுச் சொட்டாக ஊற்றினான். ஐஸ் மண்ணிறமாகக் கரைந்து வழிந்தது.

"தேத்தண்ணி குடிக்கிற வண்டியை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றாள் றொசானா. பகிடி சொன்னாளே தவிர, கண் முழுக்கத் தோணியில் இருந்தது.

சாவி திரும்பியது. இறுகிய பக்கத்திலிருந்து இளகிய பக்கத்துக்கு. அடுத்த பக்கமும் அப்படியே. பிறகு வார். ஆணியைக் கழற்றி, இரண்டு ஓட்டை தள்ளி, நீளமாக விட்டுப் பூட்டினான். அவசரம். அவ்வளவும் இறுக்கியதால்தானே பிழையாய்ப் போனது, அவ்வளவும் இளக்கிவிட்டால் சரிதானே என்று நினைத்தான்.

"முதல்ல தோணி இல்லாமல் போறன்" என்றாள் றொசானா.

அது புத்தி. வண்டி உறுமியது. பின்பக்கம் குந்தியது, பட்டி கடித்தது, ஒரு பாய்ச்சலில் பழைய குழியைத் தாண்டியது. கிரேக் கத்தினான். அடுத்த கணமே மூக்கு எழும்பியது. ஸ்கீ இரண்டும் பனியை விட்டு வானத்தைப் பார்த்தன. பிடிக்கிற பக்கம் பிடித்துக்கொண்டே போனது, திருப்புகிற பக்கம் காற்றில் நின்றது. றொசானா கைபிடியை எவ்வளவு முறித்தாலும் வண்டி தன் பாட்டில் பக்கவாட்டுக்கு இழுத்து, ஒரு மரத்தை நோக்கி வழுக்கியது. அவள் வேகம் கூட்டுகிற காஸை விட்டுவிட்டு உடம்பை முன்னுக்கு எறிந்தாள். மரத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

அருந்தவன் கண்ணைத் திறந்தபோது அவள் மெல்ல மெல்ல வழுக்கிக் கீழே வந்துகொண்டிருந்தாள்.

"பிடி வந்திட்டுது அண்ணா! ஆனா மூக்கு கீழ நிக்குதில்லை. தோணியையும் கொளுவினா மல்லாக்க மறிஞ்சிடும்."

"விசர் வேலை பாத்திட்டன். இரு."

இந்தமுறை அவன் அவசரப்படவில்லை. வண்டிக்குப் பின்னால் முழங்காலில் இருந்து, கையை ஸ்பிரிங்கின்மேல் வைத்தபடி, "ஏறி இரு பிள்ளை" என்றான். றொசானா ஏறி இருந்தாள். உள்ளங்கைக்குக் கீழே ஸ்பிரிங் இறங்குவதை உணர்ந்தான். எவ்வளவு இறங்குகிறது, எங்கே நிற்கிறது. "இறங்கு." எழும்பியது. "ஏறு." லொறிக் கராஜில் அவன் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. அங்கே ஸ்பிரிங் இறங்கினால் தோல்வி. இங்கே இறங்குகிற அந்தக் கொஞ்சத்துக்குள்தான் பிடி இருந்தது. பின்பக்கம் குந்தினால்தான் பாரம் பட்டியில் விழும். பாரம் விழுந்தால்தான் பல்லு பனியைக் கவ்வும். ஆனால் குந்துவதற்கும் ஒரு அளவு இருந்தது. அவன் வாரை ஒரு ஓட்டை திரும்ப இறுக்கினான். கட்டையை நடுப்பக்கத்துக்குச் சுற்றினான். விரல்கள் தன்னுடையவை மாதிரி இல்லை. பார்த்துப் பார்த்துத்தான் சாவியைப் பிடித்தான்.

கிரேக் சரிவைக் காட்டிச் சொன்னான்: "அவள் இப்போது போன தடத்தை நாங்கள் மிதித்து அழுத்துவோம். பிறகு தொடாமல் விடவேண்டும். மிதித்த பனி கொஞ்சநேரம் சும்மா கிடந்தால் தானாகவே இறுகும்."

"சும்மா கிடந்தாலோ?" அருந்தவன் நம்பவில்லை.

"ஆமாம். ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும்."

மிதித்தார்கள். கிரேக் ஸ்கீயால், றொசானா காலால், அருந்தவன் கிட்டத்தட்ட முழங்காலால். மரம் இருந்த பக்கத்தை விட்டுத் தடத்தைச் சற்று வளைத்தார்கள். பிறகு வந்து நின்று காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்புத்தான் கொடுமை. மேகம் முகட்டிலிருந்து இறங்கி மரங்களின் தலையைத் தின்றுகொண்டு வந்தது. ஹெலனுக்கு நடுங்குவதற்குக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டது. றொசானா அவள் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள், கிரேக்கைப் பார்த்தாள், போர்வையை இன்னும் இறுக்கினாள். ஹெலன் ஏதாவது பகிடி சொல்லமாட்டாளா என்று அருந்தவன் குனிந்தான். அவள் கண் பாதி மூடியிருந்தது.

"போவம்" என்றாள் றொசானா.

தோணியைக் கொளுவினார்கள். கிரேக் ஸ்கீயோடு தோணியின் வாலைப் பிடித்துக்கொண்டான்.

"முன்னுக்குச் சாஞ்சு நில்லு. இருக்காதை" என்றான் அருந்தவன். "காஸை முறிக்காதை. பாலைக் காய்ச்சிற மாதிரி, மெல்ல மெல்லக் கூட்டு. நடுவில விட்டிடாதை பிள்ளை. விட்டா அவ்வளவுதான்."

"ஓம் அண்ணா. அந்தோனியாரை ஒருக்காக் கூப்பிடுங்கோ."

"எனக்கு அவரைப் பழக்கமில்லை. பிள்ளையாரைக் கூப்பிடுறன்."

"ஆர் எண்டாலும் பரவாயில்லை."

வண்டி எழும்பியது. அருந்தவன் பின்னால் நின்று அதன் இடுப்பைமட்டும் பார்த்தான். பின்பக்கம் மெல்லக் குந்தியது. சுமை ஏறிய மாடு அடியெடுக்கும்முன் காலை மடக்குகிறதுபோல. மூக்கு சற்று இலேசானது, ஆனால் எழும்பவில்லை. ஸ்கீ பனியின்மேல் படிந்தும் படியாமலும் மிதந்தது. பட்டி பனியைத் தோண்டவில்லை, சிதறவில்லை. ஒவ்வொரு பல்லும் இறங்கி, பிடித்து, விட்டு, அடுத்த பல்லுக்கு இடம் கொடுத்தது. பழைய குழி போனது. மரம் போனது. றொசானா வண்டியில் இருக்கவில்லை, நிற்கவுமில்லை. இரண்டுக்கும் இடையில், சரிவு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு மறுபக்கம் உடம்பைக் கொடுத்துக்கொண்டு, கடலில் வள்ளத்தின் அணியத்தில் நிற்கிறவளைப்போல நின்றாள். சரிவு ஆக நிமிர்ந்த இடத்தில் வண்டியின் சத்தம் ஒருமுறை தடித்தது. அருந்தவன் மூச்சை நிறுத்தினான். பின்பக்கம் இன்னும் ஒரு விரல் குந்தியது. அவ்வளவுதான். ஏறிக்கொண்டே போனது.

கருங்கல் தூக்கியிருக்கிறான். கல் ஏற்றிய லொறி செம்மண் மேட்டில் முன்சில்லு தூக்கி நிற்கப் பார்த்திருக்கிறான். பலமென்றால் அவனுக்குத் தெரிந்தது எல்லாம் இறுக்கம், முட்டு, சத்தம். கையில் எடுத்தால் உருகிப்போகிற ஒன்றின்மேல், கொஞ்சம் குனிந்துகொடுக்கிற ஒரு கம்பி, ஒரு மனுசியின் உயிரைச் சுமந்துகொண்டு ஏறுவதை அவன் இதற்குமுன் கண்டதில்லை. அருந்தவன் தொப்பியைக் கழற்றினான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரியாது.

சிவப்புப் புள்ளி முகட்டில் ஏறி மேகத்துக்குள் போனது. சத்தம் இன்னும் கொஞ்சம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

பள்ளத்துக்குள் அருந்தவன் தனியே நின்றான். இப்படி ஒரு அமைதியை அவன் காது கேட்டதில்லை. தன் இரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். விறைத்த விரல்களில் நோவு திரும்பி வந்து குத்தத் தொடங்கியது, அவன் கவனிக்கவில்லை.

ரேடியோ கரகரத்தது.

"அண்ணா." றொசானாவுக்கு மூச்சு இரைத்தது. "அம்புலன்ஸுக்கு மாத்தியாச்சு. சூடு குடுக்கினம், மருந்து ஏத்தினம். கண் முழிச்சிட்டா. பரமெடிக் பிழைச்சிடுவா எண்டு சொல்லுறார்."

அருந்தவன் ரேடியோவை நெற்றியில் வைத்து அழுத்தினான்.

"அண்ணா? கேக்குதா?"

"கேக்குது பிள்ளை."

"அவ உங்களைக் கேட்டவ. மெக்கானிக் எங்க எண்டு."

"என்ன சொன்னனீ?"

"பக்கற்றுக்குள்ள நிண்டு வாயைப் பிளந்துகொண்டு நிப்பார் எண்டு சொன்னனான். சிரிச்சவ அண்ணா, சொன்னா நம்பமாட்டியள். நில்லுங்கோ, திரும்பி வந்து ஏத்துறன்."

"வேண்டாம். மேகம் இறங்குது, இனி நீ வராதை. தடம் இருக்குத்தானே. நடந்து வாறன்."

"ஷுவரா?"

"ஓம். நீ அவவோட நில்லு."

சாவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினான். தடம் இறுகியிருந்தது. கிரேக் சொன்னது உண்மை. மிதித்து விட்டுவிட்ட பனி, யாரும் தொடாமலே, யாரும் அடிக்காமலே, தானாக ஒன்றோடொன்று பிடித்து, ஒரு மனுசனைத் தாங்குகிற படியாகிவிட்டது. காலை வைத்தான், பாதம்கூடப் புதையவில்லை. இன்னொரு அடி. அதுவும் தாங்கியது. சுகமான ஏற்றம்.

ஆக நிமிர்ந்த இடத்துக்கு வந்தபோது நின்றான். இங்கேதான் சத்தம் தடித்தது. குனிந்து பார்த்தான். பட்டியின் பல் பதிந்த அச்சு வரிசையாகக் கிடந்தது. ஒன்றுகூட வழுக்கவில்லை, ஒன்றுகூட உடைந்து சிதறவில்லை. ஈரக் களிமண்ணில் அச்சுக்குற்றி வைத்து எடுத்ததுபோல ஓரம் ஓரமாகக் கூராக, அடுத்தடுத்து, மேகத்துக்குள் போகிறவரைக்கும். பக்கத்தில் தோணி இழுபட்ட கோடு, தண்ணீரில் விட்டதுபோல வழுவழுப்பாக.

கையுறையில்லாத விரலால் ஒரு அச்சின் ஓரத்தைத் தொட்டான். விரலின் சூட்டுக்கு அது உருகத் தொடங்கியது. உடனே கையை எடுத்துக்கொண்டான்.

பிறகு அருந்தவன் தடத்தை விட்டு விலகினான். பக்கத்திலிருந்த பனிக்குள் காலை வைத்தான், தொடைவரை போனது. எடுத்து அடுத்த காலை வைத்தான், அதுவும் தொடைவரை. மூச்சு இரைத்தது, நெஞ்சு அடைத்தது. அந்த அச்சுகளில் ஒன்றையும் மிதிக்காமல், அவற்றுக்கு அருகாக, மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தான்.